கொடுப்பதற்காகச் சாப்பிட்டேன்

எங்கள் வீட்டில் நோயாளி என் மனைவி புஷ்பா. டயட் இருந்தது நான். இதைச் சொல்லும்போது பாதிப் பேர் சிரிப்பார்கள், மீதிப் பேர் நான் ஏதோ மாற்றிச் சொல்கிறேன் என்று நினைப்பார்கள். மாற்றிச் சொல்லவில்லை. மலேசியாவில் எங்கள் கோலா பிலா சுற்றுவட்டாரத்து எஸ்டேட்டுகளில் டயாலிசிஸ் போய் வருகிறவர்கள் பலர் இருக்கிறார்கள். அந்த வீடுகளில் யாராவது ஒருவர், நாம் ஒன்று கொடுத்தால் என்ன என்று மனசுக்குள் யோசித்துக்கொண்டு, வெளியே கேட்கப் பயந்துகொண்டிருக்கலாம். அவருக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

என் பெயர் குணசேகரன். எஸ்டேட்டில் 'லோரி குணா' என்று கேட்டால்தான் வீட்டைக் காட்டுவார்கள். எண்ணெய் எடுக்கிற செம்பனைக் குலைகளை ஏற்றிக்கொண்டு போய் மில்லில் கொட்டுவது என் வேலை. நாள் முழுக்க உட்கார்ந்தே இருக்கும் வேலை. மில் வாசலில் லோரிகள் வரிசையில் நிற்கும்போது தின்பதுதான் பொழுதுபோக்கு. காலையில் ரொட்டி சானாய், கொஞ்ச நேரம் கழித்து நாசி லெமாக், வரிசையில் நிற்கும்போது கரிபாப், நடுநடுவே தே தாரேக் என்கிற இனிப்புப் பால் டீ. வயிறு ஸ்டேரிங்கைத் தொட ஆரம்பித்தபோது சீட்டைப் பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டேன். அந்தக் காலத்தில் நான் எனக்குச் செய்துகொண்ட ஒரே வைத்தியம் அதுதான்.

புஷ்பா அப்படி இல்லை. எஸ்டேட் நர்சரியில் செம்பனைக் கன்றுகளுக்குத் தண்ணீர் விடுகிற வேலை அவளுக்கு. வெயிலில் நடந்து நடந்து ஒல்லியாக, விறகு மாதிரி உறுதியாக இருப்பாள். அவளுக்கு ஒரு நாள் காலையில் முகம் உப்பியிருந்தது. தூக்கம் சரியில்லை என்றாள். பிறகு கால் வீங்கியது. செருப்பு நுழையவில்லை. கிளினிக்கில் ரத்த அழுத்தம் பார்த்த நர்ஸ் இன்னொரு முறை பார்த்தார், பிறகு டாக்டரைக் கூப்பிட்டார். அங்கிருந்து சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். சிறுநீரகத்துக்குள் ரத்தத்தை வடிகட்டும் பொடிப் பொடி வலைகள் இருக்கின்றன, அவை தாமாகவே வீங்கிக் கெட்டுப்போகிற நோய் இது என்று அங்கே விளக்கினார்கள். வலி இருக்காதாம். அதனால்தான் கடைசி வரைக்கும் தெரிவதில்லையாம்.

அதற்குப் பிறகு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். ரத்தத்தை ஒரு குழாய் வழியாக வெளியே எடுத்து, மெஷினில் கழுவி, இன்னொரு குழாய் வழியாக உள்ளே விடுவார்கள். அதற்காக அவள் இடது கையில் இரண்டு ரத்தக் குழாய்களை ஒன்றாகச் சேர்த்துத் தைத்தார்கள். அந்த இடத்தில் விரலை வைத்தால் உள்ளே ஏதோ எஞ்சின் ஓடுவது போல் அதிரும். "உங்க லோரிய கைக்குள்ள வச்சிட்டாங்க," என்று முதல் நாள் சொன்னாள். அப்போது சிரித்தாள். பிறகு சிரிப்பு குறைந்துபோனது. சிறுநீரகம் வேலை செய்யாததால் குடிக்கிற தண்ணீர் வெளியே போக வழியில்லை. ஒரு நாளைக்கு ஒரு சின்ன போத்தல்தான். வருஷக்கணக்காகக் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றியவள், நம் ஊர் வெயிலில் நாக்கை நனைத்து நனைத்து உட்கார்ந்திருந்தாள்.

மாற்றுச் சிறுநீரகம் வைக்கலாம், குடும்பத்தில் யாராவது கொடுக்க முடியுமா பாருங்கள் என்று டாக்டர் சொன்னார். எங்களுக்கு ஒரே மகள், லாவண்யா. கல்யாணமாகி மந்தினில் இருக்கிறாள். அவள் உடனே, "நான் தர்றேன்மா," என்றாள். அப்போதுதான் அவளுக்கு நாள் தள்ளிப்போயிருப்பது தெரிந்தது. பிள்ளைத்தாய்ச்சியிடமிருந்து எடுக்க மாட்டார்கள். மீதி இருந்தது நான்.

"எனக்கு வேணாம்," என்றாள் புஷ்பா.

"ஏன்? என்னோடதுன்னா கசக்குமா?"

"நீங்க படுத்துட்டா வீட்ட யாரு பாக்கறது? ரெண்டு பேரும் சோபாவுல உக்காந்து ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டு இருக்கறதா? பேசாம இருங்க லா."

நான் பேசாமல் இருக்கவில்லை. கோலாலம்பூரில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பரிசோதனைக்குப் பெயர் கொடுத்தேன். ரத்த வகை பொருந்தியது. அன்று நான் லோரியில் பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தேன், மில் வாசலில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். அடுத்த முறை போனபோது, அங்கிருந்த மலாய் டாக்டர் என் ரிப்போர்ட்டுகளைப் பரப்பி வைத்துக்கொண்டார். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். எடை அதிகம். ஈரலில் கொழுப்பு படிந்திருக்கிறது. ரத்த அழுத்தம் மேல் வரம்பில் நிற்கிறது. சர்க்கரை வியாதி இன்னும் வரவில்லை, ஆனால் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கிறது. இந்தக் கடைசி வாக்கியம் என்னுடையது. அவர் சொன்னது, கடந்த மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கிறது, அது எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று.

"இப்போது உங்களிடமிருந்து எடுத்தால், இன்றைக்கு ஒரு நோயாளி, சில வருஷம் கழித்து இரண்டு நோயாளி," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அதிகம் சுட்டது.

வெளியே பெஞ்சில் புஷ்பா காத்திருந்தாள். என்ன சொன்னார்கள் என்று கேட்டாள்.

"எனக்குக் கொழுப்பு அதிகமாம்."

"இத சொல்ல கோலாலம்பூர் டாக்டர் எதுக்கு? நான் கல்யாணம் ஆனதுலேர்ந்து சொல்றேனே," என்றாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, பையிலிருந்த பிஸ்கட்டை எடுத்து நீட்டினாள். நான் வேண்டாம் என்றேன். என் வாழ்க்கையில் நான் வேண்டாம் என்று சொன்ன முதல் பிஸ்கட் அது.

டாக்டர் கதவைச் சாத்திவிடவில்லை. உணவு ஆலோசகர் ஒருவரைப் பார்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருந்தார். உடம்பு சரியானால் திரும்ப வாருங்கள் என்றார். அப்படித்தான் சிரம்பானில் மிஸ் கிரேஸைச் சந்தித்தேன். பக்கத்துப் பாரோய் ஊர்க்காரர். கண்ணாடி போட்டு, சிரித்த முகமாக, முப்பத்தைந்து வயசு இருக்கும். ஆரம்பத்திலேயே திட்டு விழும் என்று தயாராகப் போனேன். அவர் திட்டவில்லை.

"அங்கிள், நேத்து காலைலேர்ந்து என்னென்ன சாப்ட்டீங்க? ஒன்னும் மறைக்காதீங்க. நான் போலீஸ் இல்ல."

சொன்னேன். சொல்லிக்கொண்டே போனபோது எனக்கே வெட்கமாக இருந்தது. ஒரு மனிதன் தின்றது போல் இல்லை, ஒரு கல்யாண வீட்டுச் செலவு போல் இருந்தது.

"எது இல்லாம உங்களால இருக்கவே முடியாது?"

"தே தாரேக் மிஸ்."

"சரி. அது இருக்கட்டும். ஒரு நாளைக்கு ஒன்னு. கூராங் மானிஸ்."

"இனிப்பக் கொறச்சா அது தே தாரேக்கே இல்ல மிஸ்."

"அங்கிள், நான் ஒன்னே ஒன்ன உங்களுக்கு வுட்டுத் தர்றேன். மத்த எல்லாத்தையும் நீங்க எனக்கு வுட்டுத் தரணும். டீல்?"

கை கொடுத்தேன். அவர் ஒரு வெறும் தட்டை மேசைமேல் வைத்து, பாதியில் கையை வைத்தார். இந்தப் பாதி காயும் கீரையும். மீதிப் பாதியை இரண்டாக்கினால் ஒரு கால் பங்கு சோறு, ஒரு கால் பங்கு மீனோ கோழியோ முட்டையோ. மலாயில் கால் பங்கைச் சுக்கு என்பார்கள். கால், கால், அரை என்பதை "சுக்கு, சுக்கு, செப்பாரோ" என்று மனப்பாடம் செய்யச் சொன்னார். வீட்டுக்கு வந்து புஷ்பாவிடம் ஒப்பித்தேன்.

"சுக்கு ரெண்டு தடவ சொல்லிட்டாங்க. மிளகு, திப்பிலி எப்ப?" என்றாள் அவள்.

சாப்பிடும் ஒவ்வொரு தட்டையும் போனில் படம் பிடித்து மிஸ்ஸுக்கு அனுப்ப வேண்டும். முதல் வாரம் நான் அனுப்பிய படங்களுக்கு அவரிடமிருந்து குரல் பதிவுகள் வரும். "அங்கிள், சோறு சுக்குன்னேன், புக்கிட் கட்டியிருக்கீங்க." புக்கிட் என்றால் குன்று. மில் வரிசையில் நிற்கும்போது ஸ்பீக்கரில் கேட்டுத் தொலைத்தேன். மற்ற டிரைவர்களுக்கும் கேட்டுவிட்டது. அன்றிலிருந்து என் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் நாலு பேர் எட்டிப் பார்ப்பார்கள். "குன்று இருக்கா, பள்ளமா?" என்பார்கள்.

எங்கள் சமையலறையில் வேறொரு கூத்து நடந்தது. எனக்கு எது நல்லதோ அது புஷ்பாவுக்கு ஆகாது. எனக்குக் கீரை வேண்டும். அவளுக்குக் கீரையை நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் கொடுக்கலாம். இல்லையென்றால் அதிலுள்ள பொட்டாசியம் என்கிற உப்பு ரத்தத்தில் ஏறி இதயத்தையே நிறுத்திவிடுமாம். எனக்குப் பருப்பு, பழம் எல்லாம் சரி. அவளுக்கு வாழைப்பழமும் இளநீரும் கூடாது. முதலில் நான்தான் இரண்டு சமையலும் செய்து பார்த்தேன். ஒரு நாள் அவளுடைய கீரையை நான் தின்றுவிட்டேன், என்னுடையதை அவளுக்கு வைக்கப் போனேன். நல்லவேளை, ருசி பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டாள். சோபாவிலிருந்து எழுந்து வந்து என் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கினாள்.

"தள்ளுங்க. ஒழுங்கா ஒரு கீரை வேகவைக்கத் தெரியல, கிட்னி தர்றாராம்."

டயாலிசிஸ் தொடங்கியதிலிருந்து அவள் அடுப்படிக்கு வந்ததில்லை. அன்று வந்தவள் பிறகு போகவில்லை. மெஷினிலிருந்து வந்த நாளில் மட்டும் படுத்துக்கொள்வாள். மற்ற நாளில் எனக்கு வெண்டைக்காய், பயிற்றங்காய், உப்புக் குறைத்த மீன் குழம்பு என்று ஒவ்வொன்றாகச் செய்து டப்பாவில் அடைத்தாள். தேங்காய்ப்பால் ஊற்றிக் காரமாக வைக்கும் நம்ம ஊர் மஞ்சள் குழம்பை மாசத்துக்கு ஒரு தடவை என்று மிஸ் சொல்லியிருந்தார். அந்த ஒரு நாளை புஷ்பா திருவிழா மாதிரி நடத்துவாள். எஸ்டேட்டில் குலை வெட்டுகிற ரஹீம் வங்காளதேசத்துப் பிள்ளைகுட்டிக்காரன். தன் வீட்டுப் பின்னால் போட்டிருந்த சுரைக்காயையும் வெள்ளரியையும் என் லோரி சீட்டில் வைத்துவிட்டுப் போவான். "பாபிக்கு ஆபரேஷன் ஆகணும்ல," என்பான் மலாயில்; பாபி என்றால் அவர்கள் மொழியில் அண்ணி. அவனிடம் யார் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. எஸ்டேட்டில் எதையும் யாரும் சொல்ல வேண்டியதில்லை.

எடை இறங்கியது. பிறகு ஓர் இடத்தில் வந்து நின்றுவிட்டது. என்ன செய்தாலும் முள் நகரவில்லை. மறுபடியும் டாக்டரைப் பார்க்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சமயத்தில் டயாலிசிஸ் சென்டரில் புஷ்பாவுக்குப் பக்கத்துக் கட்டிலில் வழக்கமாகப் படுக்கும் அம்மா ஒரு வாரம் வரவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவில்லை, எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. புஷ்பா வீட்டுக்கு வந்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே நான் ஒரு முடிவுக்கு வந்தேன். இறங்காத எடையைப் பட்டினி போட்டு இறக்குவது.

காலையில் அவள் கொடுத்த டப்பாவைப் படம் பிடித்து மிஸ்ஸுக்கு அனுப்புவேன். பிறகு ரஹீமிடம் கொடுத்துவிடுவேன். ராத்திரி, பசிக்கவில்லை என்று சொல்லிப் படுத்துக்கொள்வேன். வெறும் தண்ணீர். நிச்சயம் இது ஒரு தியாகம் என்று எனக்கு உள்ளூரப் பெருமை வேறு.

ஒரு நாள் மில்லில் லோரியை எடை போடுகிற மேடையில் நிறுத்திவிட்டு, படியில் கால் வைத்து இறங்கினேன். தரை மேலே வந்தது. அவ்வளவுதான் ஞாபகம்.

கண் விழித்தபோது கோலா பிலா ஆஸ்பத்திரி வார்டு. கையில் டிரிப் ஏறிக்கொண்டிருந்தது. நெற்றியில் தையல். மேலே காற்றாடி மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்து நாற்காலியில் புஷ்பா உட்கார்ந்திருந்தாள். அன்று அவளுக்கு டயாலிசிஸ் நாள். கையில் ஊசி குத்திய இடத்தில் இன்னும் பஞ்சு ஒட்டியிருந்தது. எங்களில் யார் கட்டிலில் படுக்க வேண்டியவர் என்று வார்டு நர்ஸுக்கே குழப்பம்.

"ரஹீம் சொல்லிட்டான்," என்றாள்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"நான் மெஷின்ல படுத்துக்கிட்டு, நாளைக்கு அவருக்கு என்ன காய் வைக்கலாம்னு யோசிக்கிறேன். எனக்கு அந்த நாலு மணி நேரம் போறதே அந்த யோசனைலதான். நீங்க அத தூக்கி அவன்கிட்ட குடுத்துட்டு வெறும் வயித்தோட சுத்தறீங்க. எனக்காக உசுர வுடப் பாக்கறீங்களா? செத்தவரு கிட்னிய வச்சிக்கிட்டு நான் யாருக்குச் சமைக்கிறது?"

அவள் அழவில்லை. கல்யாணமான நாளிலிருந்து இவ்வளவு நீளமாக அவள் என்னிடம் பேசியதும் இல்லை.

சாயங்காலம் மிஸ் கிரேஸ் வந்தார். சிரம்பானிலிருந்து மலைப்பாதையில் வண்டி ஓட்டிக்கொண்டு, வேலை முடிந்த பிறகு. அந்த முகத்தில் அன்றைக்குச் சிரிப்பு இல்லை.

"அங்கிள், கிட்னி குடுக்கறது விரதம் இல்ல. பட்டினி கெடந்தா கொழுப்பு மட்டுமா போகும்? சதை போகும், பலம் போகும். ஆபரேஷனத் தாங்கறதுக்கு உங்களுக்கு உடம்பு வேணாமா? நான் உங்கள எளைக்க வைக்கல. உங்களுக்கு ஒரு நல்ல உடம்பு கட்டிக்கிட்டு இருக்கேன். செங்கல்ல உருவிட்டு வீடு கட்ட முடியுமா, சொல்லுங்க?"

"எடை நின்னு போச்சு மிஸ். பயந்துட்டேன்."

"நிக்கும். எல்லாருக்கும் நிக்கும். ஒடம்பு புதுசுக்குப் பழகிக்கிற நேரம் அது. என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல? சாப்பாட்டக் கொறைக்க வேணாம், நடந்தா போதும்."

புஷ்பா அவரை உட்காரச் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "மிஸ் முன்னாடியே சொல்றேன். இனிமே நான் சாப்புடற நேரத்துலதான் நீங்களும் சாப்புடணும், என் கண்ணு முன்னால. சாயங்காலம் ரெண்டு பேரும் நடக்கணும். இதெல்லாம் செஞ்சா, நீங்க தர்றத நான் வாங்கிக்கிறேன்."

அதுவரை அவள் ஒரு தடவைகூடச் சரி என்று சொன்னதில்லை. நான் டிரிப் ஏறும் கையை மறந்துவிட்டு எழுந்து உட்கார்ந்தேன். ஊசி இழுத்தது. வலித்ததும் நன்றாகத்தான் இருந்தது.

பிறகு வந்த மாதங்கள் எங்கள் கல்யாண வாழ்க்கையிலேயே நல்ல மாதங்கள் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் செம்பனைக் காட்டு மண்ரோட்டில் நடப்போம். முதலில் அவளுக்கு மூச்சு வாங்கும், எனக்கு முட்டி வலிக்கும், இருவரும் மாறி மாறி நிற்போம். பேச்சு மட்டும் நிற்காது. எஸ்டேட் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் வேலு அண்ணன் மோட்டார் சைக்கிளில் எதிரே வந்தால், "புதுசா கல்யாணம் ஆனவங்க வழி வுடுங்க," என்று ஹார்ன் அடிப்பார். புஷ்பா மெஷினுக்குப் போகாத நாட்களுக்கு என் ஷிப்டை மாற்றிக் கொடுத்து, டயாலிசிஸ் நாட்களில் என்னை அவளோடு இருக்க வைத்ததும் அவர்தான். முட்டி வலி எப்போது போனது என்று எனக்குத் தெரியவில்லை. பெல்ட்டில் புது ஓட்டை போட்டேன், பிறகு இன்னொன்று. ஒரு நாள் காலையில் புஷ்பா கண் சிவந்து உட்கார்ந்திருந்தாள். பயந்துபோய் என்னவென்று கேட்டேன்.

"நீங்க கொறட்டை வுடல. மூச்சு இருக்கான்னு ராவெல்லாம் பாத்துக்கிட்டே இருந்தேன்."

லோரி சீட்டை முன்னால் இழுத்துப் போட்டேன்.

திரும்பக் கோலாலம்பூருக்குப் போன அன்று, அந்த மலாய் டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி ரிப்போர்ட்டின் மேலிருந்த பெயரைப் பார்த்தார். "தம்பியை அனுப்பியிருக்கிறீர்களா?" என்று கேட்டார். சர்க்கரை எல்லைக்கோட்டை விட்டுக் கீழே இறங்கியிருந்தது. ஈரலில் கொழுப்பு நன்றாகக் குறைந்திருந்தது. அதற்குப் பிறகுதான் உண்மையான பரிசோதனைகள் ஆரம்பித்தன. ஊசி வழியாக ஒரு மருந்தை ஏற்றி, என் சிறுநீரகங்கள் அதை எவ்வளவு வேகமாக வடிக்கின்றன என்று அளந்தார்கள். பெரிய வளையம் போன்ற மெஷினுக்குள் படுக்க வைத்து, சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தக் குழாய்கள் எத்தனை, எங்கே பிரிகின்றன என்று படம் எடுத்தார்கள். அவள் ரத்தத்தையும் என் ரத்தத்தையும் ஒரு கண்ணாடிக் குழாயில் கலந்து, சண்டை போடுகின்றனவா என்று பார்த்தார்கள். சண்டை இல்லை. "வீட்லதான் எல்லாம் போட்டு முடிச்சாச்சே," என்றாள் புஷ்பா.

தனியாக ஓர் அறையில் உட்கார வைத்து, ஆஸ்பத்திரி சமூக நல அதிகாரி கேட்டார். இதைக் கொடுக்கும்படி யாராவது வற்புறுத்தினார்களா? பணம் வாங்கினீர்களா?

"வற்புறுத்தல் நடந்தது அம்மா," என்றேன். "ஆனா நான்தான் அவள வற்புறுத்தினேன்."

அவர் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார்.

ஆபரேஷனுக்கு முந்திய நாள் இருவரையும் வெவ்வேறு வார்டில் சேர்த்தார்கள். பயம் இல்லை என்று சொன்னால் பொய். வயிற்றைச் சவரம் செய்தபோது வேடிக்கையாக இருந்தது. கையெழுத்துப் போடச் சொல்லி, என்னென்ன நடக்கலாம் என்று படித்துக் காட்டியபோது வேடிக்கை போய்விட்டது. வைத்த சிறுநீரகத்தை அவள் உடம்பு ஏற்றுக்கொள்ளாமலும் போகலாம் என்று அதில் இருந்தது. என் சாவைவிட அந்த ஒரு வரிதான் என்னைத் தூங்கவிடவில்லை. லாவண்யா பெரிய வயிற்றோடு மந்தினிலிருந்து வந்திருந்தாள். அவள் புருஷன் பிரகாஷ் தலையணை, போர்வை, பிளாஸ்க் என்று பாதி வீட்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தான். அரசாங்க ஆஸ்பத்திரி என்பதால் பில் பயந்த அளவுக்கு இல்லை. போக்குவரத்துக்கும் மற்றதற்கும் எஸ்டேட்டில் எல்லோரும் சேர்ந்து ஒரு கவரைக் கொடுத்தனுப்பியிருந்தார்கள். யார் எவ்வளவு என்று எழுதவில்லை.

காலையில் என்னைத்தான் முதலில் தள்ளிக்கொண்டு போனார்கள். வழியில் அவளுடைய வார்டு வாசலில் நர்ஸ் ஒரு நிமிஷம் நிறுத்தினார். புஷ்பா பச்சைத் துணித் தொப்பி போட்டுக்கொண்டு நின்றிருந்தாள்.

"சாப்ட்டீங்களா?" என்று கேட்டாள். அவ்வளவு நாள் கேட்டுக் கேட்டு வாயில் வந்துவிட்டது.

"இன்னிக்கி மட்டும் பட்டினி. டாக்டர்தான் சொன்னாரு, சத்தியமா."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்படியே என்னைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

விழித்தபோது வயிற்றைவிடத் தோள்தான் அதிகம் வலித்தது. வயிற்றில் சின்னச் சின்னத் துளைகள் போட்டு, இடம் கிடைப்பதற்காக உள்ளே காற்றடைத்து வேலை செய்வார்களாம். மிச்சக் காற்று மேலே ஏறித் தோளில் குத்துமாம். சிறுநீரகத்தை எடுத்த இடம் அடிவயிற்றில் ஒரு கோடு. நான் யாரிடமாவது கேட்க வேண்டும் என்று வாயைத் திறந்தேன். நாக்கு புரளவில்லை. மயக்கம் மறுபடி இழுத்துக்கொண்டு போனது.

அடுத்த முறை கண் திறந்தபோது ஒரு மலாய் நர்ஸ், சின்ன உருவம், பெரிய குரல், வார்டின் அந்தக் கோடியிலிருந்து கையை ஆட்டிக்கொண்டு வந்தார்.

"பக்சிக்! இஸ்திரி பக்சிக் டா கென்சிங்!"

உங்கள் மனைவி மூத்திரம் போய்விட்டார் என்று அர்த்தம். ஒரு வார்டு நிறைய ஆண்களுக்கு நடுவே ஒரு பொம்பளை விஷயத்தை இப்படிச் சத்தம் போட்டுச் சொன்னால் வேறு நாளில் எனக்குக் கோபம் வந்திருக்கும். அன்று அதைவிட நல்ல செய்தியை யாரும் எனக்குச் சொன்னதில்லை. தைத்துக்கொண்டிருக்கும்போதே ஆபரேஷன் மேசையிலேயே என் சிறுநீரகம் அவளுக்கு வேலை செய்ய ஆரம்பித்துவிட்டதாம். குழாயில் பொன் மாதிரி இறங்கியதாம். எதிர்க் கட்டிலில் இருந்த சீனப் பெரியவர் நர்ஸிடம் என்னவென்று கேட்டார். தெரிந்ததும் கை தட்டினார். பக்கத்துக் கட்டில்காரரும் தட்டினார். நான் சிரித்தேன், தையல் பிடித்துக்கொண்டு அலறினேன், மறுபடியும் சிரித்தேன்.

நடக்க விட்டதும் அவளைப் பார்க்கப் போனேன். நோய் தொற்றாமல் இருக்கத் தனி அறையில் வைத்திருந்தார்கள், கண்ணாடிக் கதவு. முகத்தில் இருந்த அந்தச் சாம்பல் நிறம் போய்விட்டிருந்தது. போன் எடுத்துப் பேசினாள்.

"ஏங்க, தாகமா இருந்துச்சு. தண்ணி கேட்டேன். ஒரு ஜக்கக் கொண்டாந்து வச்சிட்டாங்க. எல்லாத்தையும் குடின்னு சொல்றாங்க. குடிக்காட்டா திட்டறாங்க!"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டம்ளரை உயர்த்திக் காட்டி, என் கண் முன்னாலேயே குடித்தாள். நிறுத்தாமல், கழுத்து அசைய அசையக் குடித்தாள். நான் கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றேன்.

எனக்குச் சீக்கிரம் விடுதலை கிடைத்தது. மந்தினில் மகள் வீட்டில் தங்கினேன். புஷ்பாவை அதற்கப்புறமும் சில வாரம் வைத்திருந்தார்கள். உடம்பு புதுச் சிறுநீரகத்தை எதிரி என்று நினைத்துத் தாக்காமல் இருக்க மாத்திரைகள், அவற்றின் அளவைச் சரிபார்க்க ஓயாத ரத்தப் பரிசோதனைகள். இடையில் ஒரு நாள் அளவு ஏறி இறங்கி எங்களைக் கலங்கடித்தது, பிறகு சரியானது. மிஸ் கிரேஸ் அவளைப் பார்க்க வந்தார். இந்த முறை தட்டு அவளுக்கு.

"ஆன்ட்டி, வாழப்பழம் சாப்டலாம். கீரையத் தண்ணி கொட்டாமச் சாப்டலாம். பச்சையா எதுவும் வேணாம், நல்லா வெந்திருக்கணும். பம்பளிமாஸ் மட்டும் கிட்டவே சேர்க்கக் கூடாது, இந்த மாத்திரைக்கும் அதுக்கும் ஆகாது."

"உப்பு?"

"அங்கிளுக்கு என்ன உப்போ அதே உப்பு. இனிமே உங்க வீட்ல ஒரே சமையல்."

புஷ்பா மிஸ்ஸின் கையைப் பிடித்துக்கொண்டாள். வெகுநேரம் விடவில்லை.

வீட்டுக்குப் போகலாம் என்று சொன்ன நாளில் பிரகாஷ் காரைக் கொண்டுவந்தான். எனக்கு இன்னும் ஓட்ட அனுமதி இல்லை. புஷ்பா முகக்கவசம் போட்டுக்கொண்டு பின் சீட்டில், மடியில் பெரிய தண்ணீர் போத்தலோடு உட்கார்ந்தாள். கோலாலம்பூரைத் தாண்டுவதற்குள் அவள் முன்னால் எட்டி, "தம்பி, டாய்லெட் இருந்தா நிறுத்துப்பா," என்றாள். பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தினான். வந்து உட்கார்ந்து, கொஞ்ச தூரம் போனதும், "தம்பி," என்றாள். இன்னொரு பெட்ரோல் நிலையம். நெடுஞ்சாலை ஓய்விடத்தில் ஒரு முறை. சிரம்பான் வந்ததும் ஒரு முறை.

"அத்த, ஏதாச்சும் பிரச்சினையா? ஆஸ்பத்திரிக்கே திரும்பிடலாமா?" என்று பிரகாஷ் பயந்துபோய்க் கேட்டான்.

"ஒன்னும் இல்லப்பா. எவ்வளவு நாளாச்சு! வருதான்னு பாக்கறேன், வந்துக்கிட்டே இருக்கு," என்றாள்.

கோலா பிலா போகும் மலை ஏறுவதற்கு முன்னால் கடைசியாக ஒரு பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தினோம். அவளுடைய கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பெண்கள் கழிவறை வாசலில் நான் நின்றேன். உள்ளே போன ஒரு மலாய்ப் பெண் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். நான் சிரித்தேன். உள்ளேயிருந்து தண்ணீர் விடுகிற சத்தம் கேட்டது. கதவு திறந்தது. கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு புஷ்பா வெளியே வந்தாள், முகக்கவசத்துக்கு மேலே கண் இரண்டும் சிரித்தன.

"உங்களோடது நல்லா வேலை செய்யுது," என்றாள். "போத்தல குடுங்க, ரொப்பிக்கிட்டுப் போவோம்."